சார்ட்டா, பெட்டியா, செடியா, சாவியா, போனா? வகுப்பில் பூச்சிகளை அடையாளம் காணக் கற்பிக்க ஐந்து வழிகள்

பக்கத்து ஒன்றியத்தில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் போன மாதம் கூப்பிட்டிருந்தார். அவர்கள் பள்ளியில் அறிவியலுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். "பூச்சி ஸ்பெசிமன் பெட்டி ஒண்ணு வாங்கிடலாமா சார், இல்ல நல்ல சார்ட் போதுமா? போன்லயே எல்லாம் காட்டுதே, எதுக்குப் பணத்தைப் போடணும்னு எங்க ஹெச்.எம். கேக்கிறாங்க" என்றார். இதே கேள்வியை வேறு வேறு விதமாக இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கரூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கீழே வரும் ஐந்து வழிகளையும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் செய்து பார்த்திருக்கிறேன். (சாவி என்பது, ஒவ்வொரு கேள்வியாகப் பதில் சொல்லிக்கொண்டே போய்ப் பூச்சியின் வகையைக் கண்டுபிடிக்கும் பட்டியல்.) ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியும் விலை ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கும் விலை இன்னொன்று. இரண்டையும் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் 'பூச்சி' என்ற சொல்லையே பார்க்க வேண்டும். நம் பேச்சில் அது ரொம்பப் பெரிய வீடு. சிலந்திக்கு எட்டுக்கால் பூச்சி என்று பெயர். மரவட்டை ரயில்பூச்சி. வயிற்றில் இருக்கும் புழுவும் பூச்சிதான். மழை விட்டதும் செம்மண்ணில் ஊர்ந்து வருமே, சிவப்பு வெல்வெட் துணியில் செய்தது போல, அந்தத் தம்பலப்பூச்சிக்கும் எட்டுக் கால். பாடத்தில் வரும் பூச்சி வேறு. ஆறு கால், தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி, ஒரு ஜோடி உணர்கொம்பு. பழந்தமிழில் வண்டுக்கு அறுகால் என்றே ஒரு பெயர் உண்டு. அதைச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டுப் பேச்சில் இருக்கும் பூச்சிக்கும் பாடத்துப் பூச்சிக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்ட இந்த வழி உதவுமா? இது என் முதல் அளவுகோல்.

இரண்டாவது, எந்த அளவுக்கு அடையாளம் காண வேண்டும் என்பது. உலகத்தில் இதுவரை பெயர் வைத்து விவரித்திருக்கும் பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். அத்தனை பெயரும் எந்த நிபுணருக்கும் மனதில் நிற்காது. ஆனால் பள்ளி வளாகத்தில் கண்ணில் படுவதில் பெரும்பகுதி எட்டு ஒன்பது வரிசைகளுக்குள், அதாவது பூச்சிகளின் பெரிய பிரிவுகளுக்குள், அடங்கிவிடும்: வண்டு, வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும், ஈயும் கொசுவும், தேனீ குளவி எறும்பு, வெட்டுக்கிளி, தட்டான், நாவாய்ப்பூச்சி, கும்பிடுபூச்சி, கரப்பானும் கறையானும். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒரு பிள்ளை புதிதாக ஒன்றைப் பார்த்து "இது எந்த வரிசை, ஏன்" என்று சொல்ல வேண்டும். இனப்பெயர் அப்புறம் வரட்டும். என் தீர்ப்பு முழுவதும் இந்த இடத்தில் இருந்துதான் வருகிறது. ஆகவே இதில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால் மற்றதும் மாறும்.

மற்ற அளவுகோல்கள் நடைமுறை சார்ந்தவை. நாற்பது பிள்ளைகள் ஒரே பீரியடில் கையில் எடுத்துப் பார்க்க முடியுமா? ஆரம்பச் செலவு போக வருடா வருடம் என்ன ஆகும்? எத்தனை உயிர் போகும்? கடைசியாக, ஆசிரியர் பக்கத்தில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளை அதைச் செய்யுமா?

| | சார்ட், பட அட்டை | ஸ்பெசிமன் பெட்டி | செடியில், வளர்ப்பில் | கேள்விச் சாவி | போன் செயலி |
|---|---|---|---|---|---|
| ஆரம்பச் செலவு | மிகக் குறைவு | அதிகம் | ஏறக்குறைய இல்லை | லென்ஸ் விலை மட்டும் | இருக்கும் போன் |
| ஒளிந்திருக்கும் விலை | தவறான படம் மனதில் பதியும் | பராமரிப்பு, அந்துருண்டை, உயிர்க்கொலை | விடுமுறை நாட்கள், தீவனம் | ஆசிரியர் முதலில் உழைக்க வேண்டும் | யோசிக்கும் வேலையைப் போன் செய்துவிடும் |
| நாற்பது பேருக்கு | அட்டையாக வெட்டினால் சரி | கண்ணாடிக்கு வெளியே இருந்துதான் | குழுக் குழுவாக | நன்றாக வரும் | ஒரே போன், ஒரே கூட்டம் |
| காரணத்தோடு வரிசை சொல்ல | கொஞ்சம் | ஓரளவு | நன்றாக | மிக நன்றாக | அரிது |
| உருமாற்றம் புரிய | படமாக மட்டும் | வராது | இதற்கு நிகர் இல்லை | வராது | வராது |

## சார்ட்டும் பட அட்டையும்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, உடனே கிடைக்கும், சுவரில் தொங்கும். ஸ்டேஷனரிக் கடையில் வாங்குவதற்கு முன் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பூச்சிகள் என்ற தலைப்புக்குக் கீழே சிலந்தியும் தேளும் இருந்தால் அதை வாங்காதீர்கள். முதல் அளவுகோலிலேயே அது தோற்றுவிட்டது.

இன்னொரு சிக்கல் உண்டு. சார்ட்டில் பொறிவண்டு என்றால் சிவப்பு முதுகில் வட்டவட்டமாக ஏழு கறுப்புப் புள்ளி. எங்கள் பள்ளி அவரைக் கொடியில் அசுவினி என்கிற செடிப்பேனைத் தின்ன வரும் பொறிவண்டுக்கு முதுகில் வளைந்து வளைந்து ஓடும் கறுப்புக் கோடு. சார்ட் பார்த்து வளர்ந்த பிள்ளை அதைப் பொறிவண்டு இல்லை என்று ஒதுக்கிவிட்டது. படம் ஒரு முகத்தைத்தான் காட்டும், வரிசைக்கு ஆயிரம் முகம்.

சார்ட்டை நாற்பது துண்டாக வெட்டி, பின்னால் அட்டை ஒட்டி, பிள்ளைகளையே கூட்டம் பிரிக்கச் சொன்னால் அது வேறு பொருளாகிவிடும். ஏன் இப்படிப் பிரித்தாய் என்று கேட்டாலே பாதிப் பாடம் நடந்துவிடும். மழை நாளில், வெளியே போக முடியாத பீரியடில், இதுதான் கைகொடுக்கும்.

## ஸ்பெசிமன் பெட்டி

கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியில் ஊசி குத்தி வரிசையாக வைத்த பூச்சிகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. உயிரோடு இருப்பது நிற்காது, ஓடும், பறக்கும். செத்தது அசையாமல் கிடக்கும், எண்ண விடும். முறையாகக் குத்திய வண்டில் ஊசி நடுவில் இருக்காது, வலப்பக்கத்து முன்சிறகில் இறங்கியிருக்கும். இரண்டு சிறகு மூடியும் சந்திக்கும் நடுக்கோடு சேதமாகக் கூடாது, ஒரு பக்கமாவது முழுசாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று துண்டுச்சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு இல்லாத பூச்சி வெறும் அலங்காரம்தான்.

ஆனால் ஒரு பெட்டி கேட்கும் கவனிப்பை நம் பள்ளிகளால் கொடுக்க முடிகிறதா? நான் செய்த முதல் பெட்டி ஐப்பசி மழையில் பூசணம் பிடித்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்து திறந்தால் சிற்றெறும்பும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஏதோ சின்னப் புழுக்களும் உள்ளே புகுந்து, பாதி ஊசிகளுக்குக் கீழே பழுப்புத் தூள் மட்டும் கிடந்தது. இதைத் தடுக்க அந்துருண்டை போடுவார்கள். பெட்டிக்குள் தெர்மாகோல் விரித்திருந்தால் உருண்டை பட்ட இடம் கரைந்து குழியாகும். அதைவிடப் பெரிய விஷயம், அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பிள்ளைகள் முகர்ந்து பார்க்கிற பொருள் இல்லை. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் பிள்ளைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடலாம். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. மூடிய வகுப்பறையில் பெட்டியைத் திறந்து நாற்பது பேர் குனிந்து பார்ப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஒப்பவில்லை.

அடுத்தது உயிர்க்கணக்கு. ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் ஆளுக்குப் பத்துப் பூச்சி பிடித்து வரச் சொன்னேன். நாற்பது பேர், நானூறு பூச்சி. பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி குளக்கரை எருக்கஞ்செடிகளில் பறந்துகொண்டிருந்த ஒரே வகை வண்ணத்துப்பூச்சி. அந்த மாதம் முழுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செடிகளை வெறுமையாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு அப்படியொரு வேலையைக் கொடுத்ததே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்களில் பல வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பிடித்து வா என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளை எதைப் பிடிக்கும் என்று நமக்குத் தெரியாது.

செத்துக் கிடப்பதை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் பெட்டிக்கு மறுபடி மதிப்பு வருகிறது. காலையில் டியூப் லைட்டுக்குக் கீழே, ஜன்னல் ஓரத்தில், தெருவிளக்குக் கம்பத்தடியில் பாருங்கள். தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் காண்டாமிருக வண்டு கட்டாயம் கிடைக்கும். சின்ன ஒளிபுகும் டப்பாவில் பஞ்சு வைத்து, டப்பாவுக்கு ஒன்று என்று போட்டால் கைக்குக் கை மாறும். உடைந்தால் அடுத்த வாரம் இன்னொன்று கிடைக்கும். பெரிய தொகுப்பையே பார்க்க வேண்டும் என்றால், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போகலாம். அங்கே பராமரிக்க ஆள் இருக்கிறார்கள். பெட்டி வாங்கும் பணத்தில் பெரும்பாலும் பேருந்துச் செலவு முடிந்துவிடும்.

## செடியில் பார்ப்பதும் வளர்ப்பதும்

செலவில்லாத வழி இதுதான், பிள்ளைகள் மறக்காததும் இதுதான். பள்ளியில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும். எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சி அதன் கொழுந்தில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும், வெளிர்மஞ்சள் நிறத்தில் கடுகைவிடச் சின்னதாக. பொரிந்து வரும் புழு கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கை எச்சம் போலவே இருக்கும். நாலு தடவை தோலுரித்தபின் பச்சையாகிவிடும். அதன் தலைக்குப் பின்னால் ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்று வெளியே வரும், கூடவே ஒரு கார வாடை. முதல் தடவை அதைப் பார்க்கும் வகுப்பு போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

அடையாளம் காண்பதற்கு இது எப்படி உதவும் என்று கேட்கலாம். புழுவின் காலை எண்ணச் சொல்லுங்கள். பதினாறு என்று வரும். "அப்ப இது பூச்சி இல்லையா சார்?" முன்னால் இருக்கும் மூன்று ஜோடி கூரான மூட்டுக்கால்கள்தான் நிஜக்கால், பின்னால் இருக்கும் ஐந்து ஜோடி சதைக் குமிழ்களும் பொய்க்கால் என்பது அப்போதுதான் கண்ணில் படும். வண்ணத்துப்பூச்சி வெளியே வந்ததும் மறுபடி எண்ணினால் ஆறு மட்டும் இருக்கும். இளம் பருவத்தில் ஒரு முகம், வளர்ந்தபின் வேறு முகம் என்பதை எந்தப் பெட்டியும் இப்படிக் காட்டாது.

ஒரு நாள் எருக்கஞ்செடியில் வளர்த்த வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சி வலைக்கூண்டில் உட்கார்ந்திருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூக்கு வலையில் படும்படி நெருங்கி நின்று பார்த்துவிட்டு, "சார், இதுக்கு நாலு கால்தான்" என்றாள். மற்றவர்கள் அவளைப் போட்டு அமுக்கினார்கள். அவள் விடவில்லை. நானும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நிற்பது நாலு காலில்தான். முன்னங்கால் இரண்டும் குட்டையாகச் சுருங்கி, மார்போடு ஒட்டி, தூரிகை முடி போல மடங்கியிருந்தன. அந்தக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். நான் அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் கண்ணால் தேடிப் பார்த்ததில்லை. மறுநாள் கறிவேப்பிலையில் இருந்து வந்த எலுமிச்சை அழகியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். அதற்கு ஆறு காலும் நடக்கிற கால். ஒரு சார்ட்டிலும் இந்தப் பாடம் வந்திருக்காது.

இதன் மறைவான விலைகள் இவை. சந்தையில் வாங்கும் கறிவேப்பிலையைத் தீவனமாகப் போடாதீர்கள். மருந்தடித்த இலையால் ஒரே இரவில் என் புழு அத்தனையும் செத்திருக்கிறது. சனி ஞாயிறு யார் பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். காலாண்டு விடுமுறைக்கு முந்தின வாரம் தொடங்கவே தொடங்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, இலையை ஆசிரியரே பறிக்க வேண்டும், கை கழுவ வேண்டும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியை வளர்ப்புக்கு எடுக்கவே கூடாது, அதன் ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும். செம்பருத்திப் பூவைத் தின்னும் கறுப்பும் ஆரஞ்சுமான கொப்புள வண்டை வெறும் கையால் தொட்டால் பெயருக்கேற்ற பலன் கிடைக்கும். தேனீ, குளவிக் கூடுகளைத் தூரத்தில் இருந்து மட்டும் பார்க்க வேண்டும். கொசுப் புழுவைக் காட்டினால் வலையால் மூடி, கூட்டுப்புழு ஆனதுமே தண்ணீரை வெயில் காயும் தரையில் கொட்டிவிட வேண்டும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. சில கூட்டுப்புழுக்களில் இருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் குளவிகள் வெளியே வரும். புழுவாக இருக்கும்போதே தாய்க் குளவி அதன் உள்ளே முட்டையிட்டிருக்கும். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். அப்புறம் அந்தக் குளவிகளையும் லென்ஸில் பார்த்து, அவை எந்த வரிசை என்று அவர்களே எழுதினார்கள்.

## கேள்விச் சாவி

புத்தகங்களில் இதை இருகிளைத் திறவுகோல் என்பார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டே பதில் உள்ள கேள்வி, பதிலுக்கேற்ப அடுத்த படி, கடைசியில் வரிசையின் பெயர். வேலை ஆசிரியர் பக்கம்தான் அதிகம். முதல் சாவியை எழுதிச் சரிபார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. எங்கள் வகுப்பில் இப்போது புழங்கும் சாவியின் சுருக்கம் இது. வளர்ந்த பூச்சிக்கு மட்டும் பொருந்தும், புழுவுக்குப் பொருந்தாது.

1. கால் ஆறுக்கு மேலா? ஆம் என்றால் பாடத்துப் பூச்சி இல்லை. ஆறு என்றால் 2க்குப் போ.
2. முதுகில் ஓடு போலக் கெட்டியான மூடி, நடுவில் நேர்கோடாகச் சந்திக்கிறதா? ஆம் என்றால் வண்டு. இல்லை என்றால் 3.
3. சிறகு இருக்கிறதா? இல்லை என்றால் 8. ஆம் என்றால் 4.
4. சிறகைத் தொட்டால் விரலில் தூள் ஒட்டுமா? ஆம் என்றால் வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சி. இல்லை என்றால் 5.
5. பின்னங்கால் தொடை பருத்து, குதிக்க ஏற்றதா? ஆம் என்றால் வெட்டுக்கிளி, சுவர்க்கோழி. இல்லை என்றால் 6.
6. வயிறு குச்சி போல நீண்டு, உணர்கொம்பு தேடினால்தான் தெரிகிற அளவுக்குச் சிறியதா? ஆம் என்றால் தட்டான். இல்லை என்றால் 7.
7. சிறகு ஒரே ஒரு ஜோடியா? ஆம் என்றால் ஈ, கொசு. இரண்டு ஜோடி என்றால் இடுப்பையும் வாயையும் பார். இடுப்பு ஒடுங்கியிருந்தால் தேனீ, குளவி. வாய் ஊசி போல நெஞ்சுக்கு அடியில் மடங்கியிருந்தால் நாவாய்ப்பூச்சி.
8. சிறகில்லாதது. இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருந்தால் எறும்பு. இடுப்பு இல்லாமல், உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருந்தால் கறையான்.

இந்தச் சாவியில் ஓட்டைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கும்பிடுபூச்சிக்கும் கரப்பானுக்கும் இதில் இடமே இல்லை. ஏழாம் படி இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்கிறது. தேனீயின் பின்சிறகு சின்னக் கொக்கிகளால் முன்சிறகோடு கோத்திருப்பதால் உயிரோடு இருக்கும் தேனீயைப் பார்த்தால் ஒரே ஜோடி போலத் தெரியும். ஓட்டைகளை நான் வேண்டுமென்றே முழுதாக அடைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு படியாவது பிள்ளைகள் திருத்துகிறார்கள், திருத்தும்போதுதான் அவர்கள் உண்மையில் பார்க்கிறார்கள்.

துளசிச் செடியில் ஒரு நாள் மஞ்சள் கோடு போட்டது ஒன்று அந்தரத்தில் அசையாமல் நின்று நின்று பறந்தது. எல்லோரும் தேனீ என்று விலகினார்கள். ஒளிபுகும் பாட்டிலில் அதை மூடிப் பிடித்து, சாவியோடு உட்கார்ந்தோம். கண் இரண்டும் தலை முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. உணர்கொம்பு குட்டை. சிறகு ஒரு ஜோடி, பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு குமிழ். ஈ! தேனீ வேஷம் போட்ட பூ ஈ. கொட்டாது என்று தெரிந்ததும் பாட்டிலைத் திறந்துவிட்டது, முதலில் பயந்து ஓடிய பையன்தான். இன்னொரு தடவை மாமரத்தில் முயிறு என்கிற செவ்வெறும்புகளுக்கு நடுவே ஒன்றை ஒரு பிள்ளை காட்டியது. நிறம், நடை எல்லாம் முயிறுதான். காலை எண்ணினால் எட்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்த சிலந்தி அது. எண்ணிப் பார்க்கும் பழக்கம் இல்லாத கண் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

செலவு என்று பார்த்தால் லென்ஸ்தான். நாலு பேருக்கு ஒன்று வீதம் பத்து கைலென்ஸ், பத்துப் பாட்டில், சாவியின் நகல்கள். நேரம்தான் பெரிய செலவு. முதல் இரண்டு பீரியட் மெதுவாகப் போகும், சத்தமாக இருக்கும், பாதிக் குழுக்கள் தவறான பதிலில் போய் நிற்கும். பொறுமை போய் "அது வண்டுடா" என்று நீங்களே சொல்லிவிட்டால் சாவிக்கு வேலை இல்லாமல் போய்விடும். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சாவியைப் படமாக வரைந்து கொடுங்கள்.

## போன் செயலி

ஹெச்.எம். கேட்ட கேள்வி நியாயமானது. கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட், அதே குழுவினர் பிள்ளைகளுக்காகச் செய்த சீக், எல்லாமே இலவசம். பெயர் நொடியில் வருகிறது.

சிக்கலும் அங்கேதான். வந்தது பெயர் மட்டும். அது ஏன் வண்டு, ஏன் நாவாய்ப்பூச்சி இல்லை என்று பிள்ளைக்குத் தெரியாது. அடுத்த பூச்சிக்கும் போனைத்தான் தேடும். படம் மங்கலாக இருந்தாலும் சில செயலிகள் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடும். வெந்தய வரியனைப் போலவே சிறகை வைத்துக்கொண்டு பறக்கும் வேறொரு வண்ணத்துப்பூச்சி நம் ஊரில் உண்டு. அதில் பெண் மட்டும் அந்த வேஷம் போடும், ஆண் கறுப்பில் வெள்ளைப் பொட்டோடு இருக்கும். அரைகுறைப் படத்தில் இரண்டையும் பிரிப்பது மனிதக் கண்ணுக்கே கஷ்டம். பள்ளிக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவர விடுவதில்லை என்பதால் கடைசியில் ஆசிரியரின் ஒரே போனைச் சுற்றி நாற்பது தலை. பார்ப்பது போனைத்தான், பூச்சியை யாரும் பார்க்கவில்லை.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சீக்கைச் சொல்வேன். கணக்குத் தொடங்கத் தேவையில்லை. தெளிவில்லாதபோது இனப்பெயரைச் சொல்லாமல், இன்ன வகுப்பு, இன்ன வரிசை என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. கேமராவை நெருங்க நெருங்க ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும், அது நம் சாவி இறங்குவது போலவே இருக்கும். ஐநேச்சுரலிஸ்டில் படம் ஏற்றினால் வேறு ஊர்களில் இருக்கும் பூச்சி ஆர்வலர்கள் பார்த்துத் திருத்துவார்கள், அது பெரிய உதவி. ஆனால் கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கட்டும், இடத்தை மறைத்து வையுங்கள், பிள்ளைகள் முகம் படத்தில் வரக்கூடாது.

எங்கள் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறோம். குழு தன் பதிலையும் காரணத்தையும் நோட்டில் எழுதிய பிறகுதான் போன் வெளியே வரும். போன் சொன்னதும் நோட்டில் எழுதியதும் மாறினால் அதுதான் அன்றைய பாடம்.

## யாருக்கு எது

தோட்டமே இல்லாத நகரத்துப் பள்ளி, மாடியில் வகுப்பு என்றால் அட்டைகளும் டியூப் லைட்டடியில் செத்துக் கிடந்தவையும் சாவியும் சேர்ந்தால் போதும். இரண்டு தொட்டியில் கறிவேப்பிலை வைக்க முடிந்தால் வண்ணத்துப்பூச்சி தானே தேடி வரும், மூன்றாம் மாடி என்றாலும் வரும். ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா பக்கத்தில் என்றால் ஒரு நாள் அங்கே போகலாம்.

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவர், பூட்டி வைக்கிற ஆய்வகமும் பார்த்துக்கொள்ள உதவியாளரும் இருக்கிறார் என்றால் பெட்டி வாங்குவதில் தவறில்லை. வாய்ப்பகுதி, சிறகு நரம்பு என்று நுணுக்கமாகப் போகும்போது அசையாத மாதிரி தேவைப்படும். நடுநிலைப் பள்ளிக்கு அது பாரம்.

ஒரே ஒரு பீரியட்தான் இருக்கிறது, தேர்வு நெருங்குகிறது என்றால் வளர்ப்பில் இறங்காதீர்கள். சாவியின் முதல் மூன்று படியை மட்டும் கரும்பலகையில் எழுதி, வளாகத்தில் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் நேரம் இருக்கிறது என்றால், செடியில் தொடங்கி மழைக்காலத்தில் சாவிக்கு வாருங்கள். பூச்சி அதிகம் கண்ணில் படுவதும் அப்போதுதான்.

செல்போனில் படம் எடுப்பதில் ஆர்வமுள்ள ஆசிரியருக்கு ஐநேச்சுரலிஸ்ட் ஒரு நல்ல துணை. பிள்ளைகளுக்கு அது முதல் படியாக இருக்கக்கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

கூப்பிட்ட ஆசிரியைக்கு நான் சொன்னது இதுதான்: பெட்டி வேண்டாம். பத்து லென்ஸ், பத்துப் பாட்டில், ஒரு வலைக்கூண்டு, இரண்டு கறிவேப்பிலைக் கன்று வாங்குங்கள். மீதிப் பணத்தைக் கோயம்புத்தூர் போக வைத்துக்கொள்ளுங்கள். சாவியின் நகலையும் அனுப்பி வைத்தேன்.

மழை பெய்த மறுநாள் மறுபடி போன் வந்தது. முந்தின இரவு விளக்குக்கு ஈசல் வந்திருக்கிறது. ஒரு பையன் காகிதத்தில் நாலைந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்திருக்கிறான். பிரித்தபோது பாதிக்குச் சிறகு இருந்தது, பாதிக்கு உதிர்ந்து தனியாகக் கிடந்தது. "சாவியில மூணாம் கேள்விக்கு என்ன பதில் எழுதறதுன்னு கேக்கிறான் சார். சிறகு இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்ல. என்ன சொல்லட்டும்?"

"அவனையே அந்தக் கேள்வியை மாத்தி எழுதச் சொல்லுங்க டீச்சர்" என்றேன். "எழுதினா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க."